கொட்டிவிட்ட உறை

பொன்னுத்தங்கம் எதிர்த்துப் பேசவே பிறந்தவள் என்று நாரணாபுரத்தில் சொல்வார்கள். அது முழு உண்மையல்ல. அண்ணன் சீனிவாசகத்தின் பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்த காலமெல்லாம் அவள் வாயே திறந்ததில்லை. சீஸ் செய்யத் தொடங்கிய பிறகுதான் பேச்சு வந்தது.

கம்பெனிக்குச் சற்றுத் தள்ளி, அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த ஷெட்டை அண்ணன்தான் கொடுத்தார். காரியாபட்டியிலிருந்து பால் வரும். முதலில் ஒரே வகை பாக்டீரியாவை வாங்கித்தான் உறை ஊற்றினாள். சில மாதத்தில் பால் புளிக்காமல் பாலாகவே நின்றது. அந்த வகையை மட்டும் கொல்லும் வைரஸ் ஷெட்டுக்குள் புகுந்திருந்தது. அதன்பின் பல வகைகளைக் கலந்து ஒரே சட்டியில் வளர்த்தாள். ஒன்று பாலின் புரதத்தை உடைக்கும். உடைக்கத் தெரியாத இன்னொன்று அந்த உடைந்த துணுக்குகளைத் தின்று, பதிலுக்குத் தான் விடும் அமிலத்தால் முதலாவதை முடுக்கிவிடும். இதை நட்பு என்று சொல்லிவிட முடியாது. இடம் கிடைத்தால் ஒன்றை ஒன்று நெருக்கித் தள்ளவும் செய்யும். ஆனால் ஒன்று நோயில் விழுந்தால் மற்றது பாலைப் பார்த்துக்கொள்ளும். ஒரு வருஷம் சேர்ந்து கிடந்து அவை தமக்குள் ஓர் அளவுக்கு வந்திருந்தன. அந்த அளவைக் கடையில் வாங்க முடியாது.

மதுரை ஹோட்டலுக்குச் சீஸ் கொடுக்கப் போன அன்று, ஷெட்டைப் பூட்டும் வேலையைக் கம்பெனி போர்மேன் பாண்டிமுருகனிடம் விட்டாள். மறுநாள் வந்து பார்த்தால் உறைச்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"கொட்டிட்டேன்க்கா," என்றான் அவன். "கலந்தது ராத்திரி தங்கக்கூடாதுல்ல."

கம்பெனியில் பட்டாசுக்குக் கலந்து மீந்த வெடிமருந்தைப் பொழுது சாய்வதற்குள் அழித்துவிடுவார்கள். அழிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அவள் சட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

சீனிவாசகம் வந்தார். "அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். கலவைன்னாலே வம்புதாம்மா. பழையபடி ஒத்தை வகையை வாங்கு. இல்லைன்னா ஷெட்டைக் குடு, சீசனுக்குப் பெட்டி அடுக்கணும்."

"அது உங்க மருந்துக்கு உள்ள சட்டம்ணே. பாலுக்கு யாரு போட்டா?"

மதுரைக்குப் போகுமுன் செய்த சீஸில் வடிந்த தண்ணீர் எதிர்வீட்டுப் பஞ்சம்மாளின் எருமைக்குப் போயிருந்தது. உறையின் மிச்சம் அதில்தான் இருக்கும். பொன்னுத்தங்கம் ஓடினாள்.

"ஒரு வாளியைக் குடிச்சிருச்சே தாயி," என்றாள் பஞ்சம்மாள். "இன்னொண்ணு மூடிக் கெடக்கு. எருமைகிட்ட கேட்டுட்டு எடுத்துக்கோ."

எல்லா வகையும் அதில் பிழைத்திருக்குமா என்று தெரியாமலேயே பாலில் ஊற்றினாள். மத்தியானம் வரை அசைவில்லை. சாயங்காலம்தான் மெல்லப் புளித்தது. பழைய உறை அளவுக்கு வேகம் இல்லை. ஆனாலும் உயிர் இருந்தது.

கம்பெனி விட்டு வந்த சீனிவாசகம் கதவில் புதுப் பூட்டைப் பார்த்தார். "என் ஷெட்டுக்கு எனக்கே பூட்டா?"

"ஷெட்டு உங்களுது. உறை என்னுது. ஷெட்டு வேணும்னா காலையில கேளுங்க, சட்டியைத் தூக்கிட்டுப் போயிருதேன். இன்னைக்கு ராத்திரி இது இங்கனதான் தங்கும்."

அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

காலையில் பால் வண்டி வந்தது. பின்னாலேயே பெட்டி லோடும் வந்தது. சீனிவாசகம் அதை ஷெட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி அடுக்கச் சொன்னார். பால் கேன் உள்ளே போக வழி போதவில்லை என்று பொன்னுத்தங்கம் மறுபடி சண்டைக்குப் போனாள்.