ஃபைனலில் ஒரு கொக்கு

லைல் பொகோர்னியைப் பற்றி டன்மோர் ஊரில் யாரைக் கேட்டாலும் "தங்கமான மனுஷன்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் திணறிவிடுவார்கள். முப்பத்துநான்கு வருஷம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். அவர் வழித்துவிட்ட சாலையில்தான் ஊரே வேலைக்குப் போனது, பள்ளிக்கூடம் போனது, பிரசவத்துக்குப் போனது. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த முகத்தைத்தான் யாரும் சரியாகப் பார்த்ததில்லை.

சம்பளமில்லாத இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. டன்மோர் கல்லூரி அணிக்குக் கொக்குகள் என்று பெயர். எங்கள் நெப்ராஸ்காவில் மார்ச் மாதம் வந்து இறங்கும் கொக்குக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பெயருக்குச் சிரிக்க மாட்டார்கள். ஆட்டத்துக்குக் கால்பந்து என்றுதான் பெயர். காலால் உதைப்பது எப்போதாவதுதான், மற்ற நேரமெல்லாம் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும் ஓடுகிறவனை நாலு பேர் சேர்ந்து சாய்ப்பதும்தான். பந்து பத்து கஜம் நகர்ந்ததா என்று அளக்க ஒரு சங்கிலி உண்டு. அந்தச் சங்கிலியின் ஒரு முனைக் கம்பைப் பிடித்துக்கொண்டு மைதான ஓரத்தில் இருபத்தேழு வருஷம் நின்றவர் லைல். சங்கிலி பிடிக்கிறவர் நடுவரைச் சேர்ந்த ஆள். கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது. மற்றவர்களுக்கு அது தண்டனை. லைலுக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

பதினோரு வருஷம் குடித்தனம் நடத்திய ஜானிஸ் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒமாஹாவுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. காரில் ஏறும்போது கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். லைல் வாசலில் நின்று, சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது, வழியில் பார்த்துக்கொள் என்றார். போகாதே என்று ஒரு வார்த்தை வரவில்லை. வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நிற்பது அவர் சுபாவம். அதற்கு அவர் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

முழங்கால் தேய்ந்து சங்கிலியையும் வண்டியையும் விட்ட பிறகு அவருக்கு மிச்சமிருந்தது செவ்வாய்க்கிழமைக் காப்பி மேசை ஒன்றுதான். விவசாயிகள் கூட்டுறவுப் பெட்ரோல் பங்கில், கார்க் கண்ணாடி துடைக்கும் நீல மருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் மேசை. நாலு பேர். பன்றிகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற மெர்ல் டீட்ஸ், பள்ளி பஸ் ஓட்டும் ஆர்லன், வேதியியல் டீச்சராக இருந்து ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கிய வாண்டா, பிறகு லைல். நாலு பேருக்கும் உலகத்தில் ஒரே விஷயம்தான், கொக்குகள்.

ஜனவரி கடைசி செவ்வாய்க்கிழமை. தொழில்முறை அணிகளின் ஃபைனலுக்கு எந்த இரண்டு அணிகள் போகின்றன என்று முந்தைய ஞாயிறு தெரிந்துவிட்டது. டன்மோரில் படித்த நம்ம பையன்கள் எத்தனை பேர் அதில் ஆடுகிறார்கள் என்று எண்ணுவது மேசையின் வழக்கம்.

"ஆக, இந்த வருஷம் முட்டை," என்றார் மெர்ல், காப்பியை உறிஞ்சிக்கொண்டே.

"முட்டையா? அந்த தடிப்பய டெஷான் என்ன ஆனான்?" என்றார் ஆர்லன்.

"அவனை நவம்பர்லயே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ எந்த உலகத்துல இருக்க?"

"சரி, உதைக்கிற பையன்?"

"அவன் அணி மூணு வாரம் முன்னாடியே மண்ணைக் கவ்விடுச்சு. அவனே ரெண்டு உதையைக் கோட்டை விட்டான், பாவி."

"நானும் ரெண்டு தடவை பட்டியலைப் பாத்துட்டேன்," என்றார் வாண்டா. "ரெண்டு அணியிலயும் சேத்து நூத்தியாறு பேரு. தெற்கத்திப் பெரிய காலேஜ்காரனுங்களுக்கு ஆளுக்கு ஏழு எட்டுன்னு இருக்கு. நமக்கு ஒண்ணுகூட இல்ல."

"அப்ப நான் மச்சினி வீட்டுக்கு வரேன்னு சொல்லிடறேன்," என்றார் ஆர்லன்.

லைல் குடித்துக்கொண்டிருந்த காப்பியைத் தள்ளி வைத்தார். காரணம் இருந்தது. ஒன்பது வருஷம் முன்பு ஃபைனலில் மூன்று கொக்குகள் ஆடினார்கள். அன்றைக்கு லைல் வீட்டு பேஸ்மென்டில் பெரிய டிவி வந்த புதிது, எல்லாரும் அங்கே கூடினார்கள். அதிலிருந்து அது சட்டமாகிவிட்டது. களத்தில் ஒரு கொக்காவது இருந்தால் லைல் வீடு. இல்லையென்றால் அவரவர் பாடு. லைல் யாரையும் வா என்று கூப்பிட்டதே கிடையாது. பட்டியல்தான் அவருக்காகக் கூப்பிட்டது.

நாலு வருஷம் முன்பு ஒரே ஒரு தடவை பட்டியல் காலியாக இருந்தது. அந்த ஃபைனலை லைல் தனியாகப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம் தபால்காரரிடம் ஒரு வார்த்தை பேசியவர், செவ்வாய்க்கிழமை பங்கில் காப்பி கேட்க வாயைத் திறந்தபோது குரலே எழும்பவில்லை. சளி என்று சொல்லி சமாளித்தார். இன்னொரு முறை அப்படி உட்கார முடியாது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க சமையலறை மேசையில் இரண்டு அணிகளின் பட்டியலையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை ஒரு பெயரில் விரல் நின்றது. வெஸ் ஹால்வர்சன், நாற்பத்தேழாம் எண். உதைக்கும் சமயத்தில் மட்டும் களமிறங்கி, குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் வீசுகிறவன். பெயருக்கு நேரே தெற்கத்திப் பல்கலைக்கழகம் ஒன்றைப் போட்டிருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அவன் டன்மோரில் இருந்தான். லைலுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் ஓரமாக நின்று வீசிப் பழகுவான். ஒருமுறை பந்து தவறி லைலின் காலில் பட்டு, முகம் சிவக்க ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். இரண்டாம் வருஷ முடிவில் பெரிய இடம் கூப்பிட்டது, போய்விட்டான்.

ஆள் கிடைத்துவிட்டான். ஆனால் அவனைச் சேர்க்க முடியாதபடி ஒரு விதி குறுக்கே நின்றது. அந்த விதியைப் போட்டவர் வேறு யாருமில்லை, சாட்சாத் லைல்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் காப்பிகூட எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்தார்.

"நமக்கு ஒருத்தன் இருக்கான். வெஸ் ஹால்வர்சன்."

மெர்ல் கோப்பையைக் கீழே வைத்தார். "யாரு? பந்தைத் திருப்பிப் போடுவானே, அந்த ஓடுகாலியா?"

"ரெண்டு வருஷம் நம்ம சட்டை போட்டவன்."

"யோவ், ஜமாரி பாதியில வேற காலேஜுக்குப் போனானே, அப்ப நீ என்ன சொன்ன? இதே மேசைல சொன்ன. நாலு வருஷம் இருந்து முடிச்சவன்தான் கொக்கு, நடுவுல பறந்து போனவன் எவனா இருந்தாலும் நம்ம பையன் இல்லன்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"சொன்னதோட விட்டியா? ஜமாரி ஃபைனல்ல ரெண்டு தடவை கடைசிக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டான். உன் வீட்டுல நாங்க ஒருத்தரும் கை தட்டக் கூடாதுன்னு உக்கார வச்ச. அவன் போட்டோவைச் சுவத்துலேர்ந்து கழட்டிட்ட. எனக்கு அன்னிக்குக் கை அரிச்சது பாரு, இன்னும் அரிக்குது."

ஆர்லன் சிரித்தே விட்டார். "இப்ப மட்டும் என்ன, ஹால்வர்சன் உனக்கு மருமகனா?"

லைல் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டார். பத்து வருஷத்தில் அந்த மேசையில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. பையனுங்க பொழப்பைப் பாத்துப் போறானுங்க. போனதுனால இருந்தது இல்லாமப் போயிடாது. ஜமாரியையும் சேத்துக்கணும்."

மெர்லுக்கு அடுத்த கிண்டல் நாக்கு நுனியில் இருந்தது, அதை அப்படியே முழுங்கினார். வாண்டா கண்ணாடியைக் கழற்றினார். முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்த கண்.

"ஏம்ப்பா லைல், நேரா கேக்கறேன். ஞாயித்துக்கிழமை நாங்க உன் வீட்டுக்கு வரணும்னுதான் இதெல்லாமா?"

இந்த இடத்தில் அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு. கேள்வி அப்படியே தட்டில் வைத்து வந்தது. ஆமாம் என்றால் போதும். வாண்டா அந்த நிமிஷமே தன் திட்டத்தை மாற்றியிருப்பார்.

"சேச்சே," என்றார் லைல். "எது நியாயமோ அதைச் சொன்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"நியாயம்னா சரி," என்றார் வாண்டா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "ஹால்வர்சன் நம்ம பையன். எல்லாரும் என்ன சொல்றீங்க?"

ஆர்லன் கை தூக்கினார். மெர்ல் முணுமுணுத்துக்கொண்டே அரைக் கை தூக்கினார். வழக்கு ஜெயித்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஆர்லன் மச்சினியிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாயிற்று, மாற்றினால் மனைவி தொலைத்துவிடுவாள். வாண்டா மகன் வீட்டில் ஆடு மாதிரி சாலட் தின்னப் போகிறார். மெர்லுக்கு லிங்கன் நகரில் பேத்தியின் பிறந்தநாள், தொண்ணூறு மைல்.

"நீ என்ன பண்ணப் போற?" என்றார் ஆர்லன்.

"பாக்கலாம்," என்றார் லைல். "யாராவது வருவாங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர் எப்போதும் போல ஒரு பெரிய பாத்திரம் நிறைய மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்டுக் காரமாகச் சமைத்தார். தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரோல்கள் சுட்டார். கொஞ்சமாகச் சமைக்கக் கை வரவில்லை, மிச்சத்தை உறைய வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேஸ்மென்டில் மூன்று நாற்காலிகள் அவரவர் இடத்திலேயே இருந்தன. ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மெர்ல் இருந்தால் இந்நேரம் உப்புக் குறை சொல்லியிருப்பார். குறை சொல்ல ஆளில்லாத சாப்பாடு தொண்டையில் இறங்க மறுத்தது.

முதல் பாதியில் ஹால்வர்சன் நாலு முறை களமிறங்கினான். நாலு முறையும் பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது. டிவிக்காரர்கள் ஒரே ஒரு தடவை அவன் பெயரைச் சொன்னார்கள், கூடவே தெற்கத்திப் பல்கலைக்கழகத்தின் பெயரையும். லைல் டிவியைப் பார்த்து, "முதல்ல டன்மோர்," என்றார். அந்தக் குரல் அந்த அறைக்குப் பொருந்தாமல் ஒலித்தது. அதற்கப்புறம் பேசவில்லை.

இடைவேளையில் போன் அடித்தது. மெர்ல்.

"பாத்தியாய்யா நம்ம ஓடுகாலியை? ஒவ்வொண்ணும் கோடு போட்ட மாதிரி போகுது!" பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தேன்."

"அங்க யாரு வந்திருக்கா?"

லைல் நாற்காலிகளைப் பார்த்தார். எல்லாரும் இருக்காங்க என்ற வார்த்தை தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போன் வைக்கப்பட்டிருக்கும், இரண்டாம் பாதி தொடங்கியிருக்கும்.

"யாரும் இல்ல, மெர்ல்."

"என்னது?"

"யாரும் வரல. அன்னிக்கு வாண்டா கேட்டாள்ல, நான் பொய் சொன்னேன். நீங்க வரணும்னுதான் அவனைத் தேடிப் பிடிச்சேன். தனியா உக்காந்து பாக்க முடியல."

பின்னால் யாரோ கேக் வெட்டக் கூப்பிட்டார்கள், மெர்ல் இரு என்று அதட்டினார்.

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லய்யா?"

"சொல்ல வரல."

"தொண்ணூறு மைலு. வெளிய பனி கொட்டுது. வந்து சேர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும்." மெர்ல் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. "சரி, நீ போனை வைக்காத. இங்க சமையக்கட்டுல ஒரு சின்ன டிவி இருக்கு. நான் அங்க போய் உக்காந்துக்கறேன்."

அப்படியே இரண்டாம் பாதி தொடங்கியது. ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மெர்லின் மகள் வீட்டில் கேபிள். லைல் வீட்டில் இன்டர்நெட் வழியாக வரும் டிவி, இருபது நொடி பின்தங்கி வரும். லைலின் டிவியில் பந்து கிளம்புவதற்குள் மெர்ல், "அய்யோ, விட்டுட்டானே!" என்று அலறிவிடுவார்.

"நான் பாக்கறதுக்கு முன்னாடி கத்தாதய்யா!"

"கத்தாம எப்படி இருக்கறது? உன் டிவியைக் குப்பைல போடு!"

"நீ வாயை மூடு!"

"முப்பது வருஷமா எம் பொண்டாட்டியே சொல்லி ஒண்ணும் நடக்கல, நீ சொல்லி நடக்கப் போகுதா?"

லைல் சிரித்தார். கிண்ணத்தை எடுத்துச் சாப்பிட்டார், ஆறிப்போயிருந்தாலும் இப்போது இறங்கியது. இன்னொரு கிண்ணம் போட்டுக்கொண்டார்.

கடைசி நாலு விநாடி. ஹால்வர்சனின் அணி இரண்டு புள்ளி பின்னால். நாற்பத்தொன்பது கஜத்திலிருந்து ஒரு உதை, போனால் மூன்று புள்ளி, கோப்பை. எதிரணி நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தி வைத்தது.

"இரு, கதவைச் சாத்திட்டு வரேன்," என்றார் மெர்ல். கதவு சாத்தும் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

லைலின் திரையில் ஆட்டக்காரர்கள் அப்போதுதான் களத்துக்குள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மெர்லின் பக்கம் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். போனில் மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது.

"மெர்ல்?"

"ம்."

"என்ன ஆச்சு?"

"நீயே பாரு," என்றார் மெர்ல், ரொம்ப மெதுவாக. "நான் இங்கதான் இருக்கேன்."

லைல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். ஹால்வர்சன் குனிந்து பந்தின் மேல் கைகளை வைத்தான்.