மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய கூட்டம்

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூர்ப் பக்கம் கிணற்றில் இறக்கும் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி பிரிவுக்கு நான் பொறுப்பாளன். நானூறு பேர் வேலை செய்த இடம். எங்கள் பிரிவில் ஏழு பேர் மட்டும் காலை எட்டு மணிக்கு, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கிச் சோதிக்கும் தொட்டி ஓரம் டீ கிளாஸோடு நிற்போம். யார் வேலை எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவரவர் சொல்ல வேண்டும். டீ தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. அன்றைக்குச் சொன்னதை அன்றைக்கே சரிசெய்துவிடுவோம். இதற்கு நாங்கள் ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

அந்தத் தொட்டி ஓரத்தில் மட்டும் எங்கள் ஊர் மரியாதையைக் கொஞ்சம் கழற்றி வைத்திருந்தோம். "நீ அனுப்புன பேரிங்கைக் கொண்டுபோய்க் கொளத்துல போடு" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் சிரிப்பார், பேரிங் மாறும். மோட்டாருக்குக் கம்பி சுற்றி வைண்டிங் கட்டும் பெண்களுக்குத் தலைமையாக ஒரு அம்மணி இருந்தார். அவருக்கு வாய் ஜாஸ்தி என்று மற்ற பிரிவுகளில் சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்ததே அந்த வாய்தான்.

எங்கள் மோட்டார்கள் ரிப்பேருக்குத் திரும்பி வருவது குறைந்தது. அது முதலாளி கண்ணில் பட்டுத் தொலைத்தது. நல்ல மனுஷர்தான்; ஆனால் சின்னதாக ஒன்று நன்றாக நடந்தால் அதைப் பெரிதாக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. வெளியூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். எங்களோடு ஒரே ஒரு நாள் நின்றார், டீ வேண்டாம் என்றார், போய் ஒரு தடித்த புத்தகம் எழுதிக்கொண்டு வந்தார். தொட்டி ஓரத்துக் கூட்டம் மாடி ஹாலுக்கு ஏறியது. நாற்காலி போட்டார்கள். ஒன்பது பிரிவுக்கும் ஒன்பது கமிட்டி, கமிட்டிகளைக் கவனிக்க ஒரு கமிட்டி. சுவர் முழுக்க ஒரு சார்ட். பிரச்சினை இல்லையென்றால் பச்சை ஸ்டிக்கர், கொஞ்சம் இருந்தால் மஞ்சள், பெரிதாக இருந்தால் சிவப்பு. பத்து நிமிடம் போதுமாக இருந்த வேலைக்கு ஒன்றரை மணி நேரம். இதற்கு எளிமைப்படுத்தும் திட்டம் என்று பெயர் வேறு.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். முதலாளி தினமும் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார் பாருங்கள், அங்கேதான் எல்லாம் கெட்டது. எங்கள் ஊரில் பெரியவர் முன்னால் இன்னொருத்தரை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டோம். கேட்டதற்கெல்லாம் "செரிங்க", "பாத்துக்கலாமுங்க", "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க". சுவர் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. கம்பெனியே செழித்துவிட்டதாக ஆலோசகர் நம்பினார்.

அந்த மாதம்தான் புதிய வைண்டிங் கம்பி வந்தது. அம்மணி ஒரு துண்டை என் மேஜையில் போட்டார்.

"ஏனுங்ணா, நகத்துல கீறுனாலே உறை உரியுதுங்க. இதுல கட்டுனா மோட்டாரு எரிஞ்சுதான் போகும். மேல போய்ச் சொல்லிப்போடுங்க."

நான் மாடி ஏறினேன். கையில் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது. கம்பி வாங்கிய மேனேஜர் முதலாளியின் மச்சினர். எதிரிலேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சிவப்பைச் சட்டைப்பை டைரிக்குள் செருகிக்கொண்டு மஞ்சளை ஒட்டினேன். "கம்பி கொஞ்சம் பாக்கணுமுங்க" என்றேன். பார்க்க ஒரு துணைக் கமிட்டி போட்டார்கள். அது கூடுவதற்குள் அந்தக் கம்பியில் கட்டிய மோட்டார்கள் ஒரு லாரி நிறைய வெளியே போய்விட்டன.

சித்திரை வெயிலில் ஒரு திங்கட்கிழமை, உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி டெம்போவில் எரிந்த மோட்டாரோடு வந்து கேட்டில் நின்றார். போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை.

"தக்காளி காய் புடிச்சு நிக்குதுங்க. மூணு ஏக்கரு. வேற தண்ணி இல்லீங்க. இன்னைக்குக் கட்டிக் குடுத்தீங்கன்னா நாளைக்கு எறக்கிப்போடுவேன்."

அம்மணி அங்கேயே, உறை உரிந்து கருகிய கம்பியோடு இருந்த ஸ்டேட்டரை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்களுக்கு அது அரை நாள் வேலை. ஆனால் திரும்பி வரும் மோட்டாரைக் கமிட்டி நம்பர் இல்லாமல் உள்ளே விடக் கூடாது என்பது புதுச் சட்டம். அந்தக் கமிட்டி வியாழக்கிழமைதான் கூடும். மாடிக்கு ஓடினேன். "முறைன்னா முறைதானுங்க" என்றார் ஆலோசகர், எங்கள் ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டு. நானும் செரிங்க என்று இறங்கி வந்தேன். விவசாயியிடம் மோட்டாரைக் கேட்டில் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றேன்.

வியாழக்கிழமை நம்பர் கிடைத்ததும் மோட்டாரைக் கட்டி வைத்தோம். வெள்ளிக்கிழமை அவர் வந்தார். தோட்டம் எப்படி என்று கேட்டேன்.

"காஞ்சு போச்சுங்க. பரவால்லீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். எனக்குச் சமாதானம் சொன்னார் அந்த மனுஷர். டெலிவரி படிவத்தில் வாடிக்கையாளர் கருத்து என்று ஒரு கட்டம் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஹாலில் ஆலோசகர் அந்தப் படிவத்தை உரக்கப் படித்தார். புகார் வந்து ஐந்தே நாளில் தீர்வு, வாடிக்கையாளர் திருப்தி. எல்லோரும் கை தட்டினார்கள். என் பெயருக்கு நேரே பச்சை ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

எழுந்து போய் அதைக் கிழித்தேன். "மூணு ஏக்கர் தக்காளியக் கொன்னுபோட்டுக் கை தட்டறமுங்க" என்றேன். கம்பியைச் சொன்னேன், மச்சினரைச் சொன்னேன். பிறகு முதலாளியைப் பார்த்து, "நீங்க உக்காந்திருக்கிற வரைக்கும் இங்க யாரும் நெசம் பேசமாட்டாங்க. நீங்க வராம இருந்தாப் போதுமுங்க" என்றேன். என் அப்பாவிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை. முதலாளி சுவரிலிருந்த பச்சையைப் பார்த்தார். எழுந்து மாடியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை கம்பி முழுதும் திரும்பிப் போயிருந்தது. நாங்கள் மறுபடி தொட்டி ஓரம் நின்றோம். மாடியில் நான் பேசியதை ஒருவர் நடித்துக் காட்ட எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அம்மணி மட்டும் சிரிக்கவில்லை.

"பேசுனீங்க, செரி" என்றார். "மஞ்சள் ஒட்டுன அன்னைக்கே பேசியிருந்தா அவுங்க தக்காளிக் காடு காஞ்சிருக்காதுங்ணா."

கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். சிவப்பு ஸ்டிக்கர் இன்னும் என் சட்டைப்பை டைரிக்குள்தான் இருந்தது.