ஈனிட் ஊற்றிக் கொடுத்த ஸ்பிரிட்

லான்செஸ்டன் ஊரில் பைபஸ் என்பவரின் மரச்சாமான் கடைப் பின்கட்டில் மேசை, அலமாரிகளுக்குப் பாலிஷ் போடுகிறவள் ஈனிட் கிம்பர். அவலரக்கு என்கிற அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் பொதிந்த பஞ்சை அதில் தோய்த்து, மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒரு நொடி நின்றாலும் துணி ஒட்டித் தழும்பு விழும். ஈனிட்டின் கை நிற்காது என்று ஊரில் பெயர்.

அவள் தம்பி ரெஜ் போருக்குப் போய்த் திரும்பியவன். திரும்பியதிலிருந்து குடிதான். மதுக்கடைக்காரர்களே அவனுக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் கடைக் கூரை ஒழுகியது. ஈரம் பட்டால் பாலிஷ் வெளுத்துவிடும். கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய பிளாக்வுட் மர அலமாரியை ஈனிட் தன் வீட்டுக்கே கொண்டுவந்து வேலை பார்த்தாள். மறுநாள் வண்டி வந்துவிடும். ரெஜ் உடம்பு உதற வந்து நின்றான்.

“அக்கா, ஒரே ஒரு வாய். அந்த ஸ்பிரிட்டுல கொஞ்சம் ஊத்து.”

“அது விஷம்டா. போய்ப் படு.”

“செத்தாலும் பரவால்ல, இந்த நடுக்கம் நிக்கணும்.”

அவன் போகவில்லை. அழுதான், திட்டினான், தடுமாறிப்போய் அலமாரியைப் பிடித்தான். காயாத கதவில் ஐந்து விரல்களும் பதிந்தன. ஈனிட் தேநீர்க் கோப்பையில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொடுத்தாள். இரக்கத்தால் அல்ல, அவன் தொலைந்தால் போதும் என்றுதான். அவன் மறுபடி வந்தபோது, தலையைத் திருப்பாமலே புட்டியை நீட்டினாள்.

காலையில் வெயில் அறைக்குள் விழுந்திருந்தது. ரெஜ் கட்டிலில் உட்கார்ந்து, “ஏன்க்கா இன்னும் ஜன்னலைத் திறக்கல?” என்றான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். “இவருக்கு ஸ்பிரிட் எப்படிக் கிடைச்சுது?”

“பூட்டித்தான் வெச்சிருந்தேன் டாக்டர். திருடிக் குடிச்சிருக்கான்.”

ரெஜ் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். ஒன்றும் சொல்லவில்லை.

பார்வை திரும்பவில்லை. குடி நின்றது. தனியே வீட்டில் விட முடியாமல் அவனைக் கடைக்குக் கூட்டிப் போனாள். சும்மா உட்காரப் பிடிக்காமல் அவனும் பஞ்சைப் பிடித்துப் பழகினான். சில வருடங்களில் நாற்காலிகள் முழுக்க அவன் பொறுப்பாயின.

சாயங்காலம் ஸ்பிரிட் அலமாரியைப் பூட்டும்போது பைபஸ் தவறாமல் சொல்வார்: “திருடன் இருக்கிற எடம் ரெஜ், பூட்டிக்கிறேன்!” எல்லோரும் சிரிப்பார்கள். ரெஜ்ஜும் சிரிப்பான். ஒரு வெள்ளிக்கிழமை ஈனிட்டால் தாங்க முடியவில்லை.

“போதும் மிஸ்டர் பைபஸ். அவன் திருடல. நான்தான் ஊத்திக் குடுத்தேன்.”

ரெஜ் கோட்டைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினான்.

“உன்னை யாரு கேட்டா?”

“உன் பேரு கெட வேண்டாம்னுதான்டா...”

“என் பேருல கெட என்ன இருக்கு? குடிகாரன் திருடினான்னா அதோட முடிஞ்சுது. இனிமே உன்னை என்ன சொல்லுவாங்க? உனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான்க்கா. உன் மனசு லேசாகணும்னு அதையும் பிடுங்கிட்ட.”

தன் மனசு லேசாகத்தான் உண்மையைச் சொன்னோம் என்பது அவன் சொன்ன பிறகே ஈனிட்டுக்கு உறைத்தது. லேசாகவும் இல்லை.

ஊர் பேசியது. தம்பி கண்ணைக் கெடுத்தவள் தொட்ட சாமான் வேண்டாம் என்று சிலர் வேறு கடைக்குப் போனார்கள். பைபஸ் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை, பழையபடி பேசவும் இல்லை. ரெஜ் திங்கட்கிழமை வேலைக்கு வந்தான். ஒருநாள் ஒரு பெண்மணி சாப்பாட்டு மேசையைத் தடவிப் பார்த்து, “இது அந்தம்மா போட்டதா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஆமா. எங்க அக்கா போட்டது,” என்றான் ரெஜ் உரக்க. “வேண்டாம்னா விட்டுட்டுப் போங்க.”

உள்ளே ஈனிட் தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிவரை இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சியை அவள்தான் அவனுக்கு வெட்டி வைப்பாள். “போதும்க்கா” என்பான். அவள் இன்னொரு துண்டு வைப்பாள்.