அரக்கு உடையாத உறைக்குள் ஓர் ஆட்டம்

யுத்தத்தில் பெட்ரோல் காணாமல் போய், பஸ்கள் கரிப்புகையில் ஓடிய காலம். மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், பாதியில் நின்ற சதுரங்க ஆட்டத்தை முடிக்க விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் புறப்பட்டேன். இரு ஊர்ச் சங்கங்களுக்கும் நடந்த போட்டியில் கடைசி ஆட்டம். தோற்றால் மீசையை எடுப்பதாக எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டிருந்தேன். சாதாரண மீசையா அது? வலது முனை வளவனூரைத் தொடும். இடது முனையின் நிழல் முண்டியம்பாக்கத்தில் விழும்.

எதிராளி டிராயிங் மாஸ்டர் சபாபதி. முந்தைய ஞாயிறு ஆட்டம் நின்றபோது, வழக்கப்படி தம் அடுத்த நகர்த்தலை எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்தார். வாரம் முழுதும் எங்கள் சங்கத்து இரும்புப் பெட்டியில் கிடந்த உறை, அன்று காலைதான் என் சட்டைப்பைக்கு வந்தது.

எட்டு மணி பஸ், எட்டணா, இருபத்துமூன்று மைல். விக்கிரவாண்டி தாண்டி வண்டி மூச்சை விட்டது.

"எறங்கித் தள்ளுங்க சார். மீசைய மடிச்சி வெச்சிக்கினு ஜல்தியா வாங்க," என்றார் கண்டக்டர்.

மயிலம் வரை நான் ஒருவனே தள்ளினேன், நம்புகிறவர்கள் நம்பலாம்.

பதினொன்றுக்குத் திண்டிவனம் சங்கத்து மாடி. காய்கள் தயாராக இருந்தன. எதிர் நாற்காலி காலி.

"மாஸ்டர் வியாழக்கிழம போயிட்டாருங்க. வாந்திபேதி," என்றார் செயலாளர் ஞானமுத்து.

"அப்ப ஆட்டம்?"

"கவரு பிரிக்காத வரைக்கும் ஆட்டம் உசுரோட கீதுங்க. ஒக்காருங்க."

அரக்கை எல்லாருக்கும் காட்டிவிட்டு உடைத்தார். ஒரு நகர்த்தல் இருக்க வேண்டிய தாளில் ஐந்து வரிகள். முதல் வரி: ராஜா தாவுகிறார். ஒருமுறையும் செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை குதிரைபோலத் தாவலாம் என்பது நம் பக்கத்து விதி. ஏழு நாள் யோசித்த நான் அதை மறந்திருந்தேன்.

நான் நகர்த்தினேன். அடுத்த வரி அதற்குச் சரியான பதில். தாளைச் சோதிக்க, எந்த மடையனும் ஆடாத ஆட்டமாக, யானையைக் கொண்டுபோய் சிப்பாயின் வாயில் வைத்தேன். ஞானமுத்து வாசிக்கவில்லை, தாளை என் பக்கம் திருப்பினார்.

'சிப்பாய் யானையை வெட்டுகிறது.'

காலி நாற்காலியின் பிரம்பு, யாரோ சாய்ந்தாற்போல் முனகியது.

நான்காம் வரியில் என் ராஜா மாட்டினார். ஐந்தாவது நகர்த்தல் அல்ல: 'மீசை இருக்கட்டும் சார், நல்லா கீது.'

திண்டிவனம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பஸ் மூன்று மணி நேரம் எடுக்கும், கொறிக்க மல்லாட்டைக் கடலை வாங்கிக்கொள்ளுங்கள். உறை கொண்டுபோகிறவர்கள், எதிராளி சௌக்கியமா என்று முதலில் கடிதம் போட்டுக் கேளுங்கள்.

தோற்றவன் மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது. ஸ்டேஷன் வாசல் சவரக்கடையில் உட்கார்ந்தேன். ஒன்றும் அறியாத கடைக்காரர் கத்தியைத் தீட்டியபடி என் முகத்தைப் பார்த்தார்.

"மீசை இருக்கட்டும் சார், நல்லா கீது."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எடுங்க," என்றேன்.