சர்வேயர் வீட்டுச் சுவர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் படப்பை ரோட்டில் மண் வெட்ட பொக்லைன் வேண்டுமென்றால் அன்றைக்கு என்னைத்தான் தேடி வருவார்கள். மாட்டு வண்டியில் மண் அடித்து ஆரம்பித்தவன், சொந்த வண்டிகள் வாங்கினேன். நானே சொல்லாவிட்டால் இதை வேறு யார் சொல்வார்கள்?

எங்கள் ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாக வெளியேறும். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் அதைத் தூர்வாருவது ஊர் வழக்கம். வயல்களை விற்றோம், வழக்கமும் நின்றது. வாங்கியவர் கால்வாயை மூடி மனை போட்டார். அளக்க வந்த சர்வேயர் அங்கே கால்வாயே இல்லையென்று எழுதிவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு மனை அவர் மனைவி பெயருக்குப் போனது. கால்வாய் ஓடிய இடத்திலேயே வீடு கட்டிக் குடியும் வந்தார். ஊருக்கே தெரியும்.

அந்த வருஷ மழையில் ஏரி நிரம்பியது. போக வழியில்லாத தண்ணீர் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. என் வீட்டில் மகள் பிரசவமாகிப் படுத்திருந்தாள். காலையில் வாசற்படியில் நின்ற தண்ணீர் மத்தியானம் கட்டில் காலை மூழ்கடித்தது. வீட்டுக்கு மாடி இன்னும் எழும்பவில்லை. தெருவில் இடுப்பளவு இழுப்பு. பச்சைக் குழந்தையோடு அவளை எப்படி இறக்குவது?

நான் மட்டும் இறங்கி வெளியேறி, டிரைவரோடு பொக்லைனைக் கொண்டுபோய்ச் சர்வேயர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் குடையோடு சுவரை மறித்து நின்றார்.

"ஆர்டர் இருக்கா? கை வச்சா போலீஸ் கேஸ்தான்."

"ஆர்டர் வர்றதுக்குள்ள என் பொண்ணு மெதந்துடும் சார்."

"ரெக்கார்டுல இங்க கால்வாயே இல்லைங்க."

"தண்ணிக்கு இன்னா சார், என்ன மாதிரி, படிக்கத் தெரியாது. பழைய வழியத் தேடிக்கினு வருது. நவுரு."

டிரைவர் இறங்கிவிட்டான். "மொதலாளி, என்னையும் சேத்து உள்ள தள்ளுவாங்க."

"நீ போய் டீ குடி, போ" என்று நானே ஏறி உட்கார்ந்தேன். பொக்லைன் கையைத் தூக்கினேன். அவர் அசையவில்லை. இரும்புப் பல்லுக்கும் அவர் குடைக்கும் நடுவே ஒரு முழம்தான்.

உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினார்: "ஏங்க, கிச்சன்ல தண்ணி ஏறுது! மொதல்ல நகருங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். நகர்ந்தார். சுவர் விழுந்தது, தோட்டத்தைப் பிளந்து பள்ளம் வெட்டினேன். தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக் கட்டில் கால் தெரிந்தது.

கேஸ் போட்டார். தாம்பரம் கோர்ட்டுக்கு மடிப்புக் கலையாத வேட்டியில்தான் போவேன். லஞ்சத்துக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் வாங்கினவனைக் காட்டுவார்கள். வருஷாவருஷம் ஊரே இறங்கி நின்ற கால்வாயை இல்லையென்று எழுத எவனுக்குத் துணிச்சல் வந்திருக்கும்? நாங்கள் இறங்காமல் விட்டதுதான் அவருக்கு வசதி.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தார்கள். சர்வேயர் வீட்டிலிருந்து வாட்ச்மேன் வெறுங்கையோடு வந்தார். மண்வெட்டி நான்தான் கொடுத்தேன்.