மகன் படத்துக்கு விழுந்த மாலை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் முனையில் ஒரு நினைவுத்தூண் உண்டு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, கடல் கடந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அதில் வெட்டியிருக்கும். நவம்பரில், முதல் உலகப்போர் முடிந்த நாளன்று, படையில் பணியாற்றிக் காலமானவர்களின் குடும்பங்கள் படங்களைக் கொண்டுவந்து தூணுக்குக் கீழே மேசையில் வைப்பார்கள். சந்தனம் குங்குமம் இட்டு மாலை போடுவார்கள். என் மாமனார் படத்தை நான்தான் எடுத்துப் போவேன். கொடுத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் நின்றுகொள்வேன். நாலு பேர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம்.

போன வருடம் முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, உம் மவனும் இப்ப பிரான்சு மிலிட்டரிலதான கீறான்? அவன் படத்தையும் கொண்டா, ஊரு பாக்கட்டும். தாத்தன் மீசைக்கு முன்னாடி இவன் நிக்க முடியாது, ஆனாலும் கொண்டா."

சரி என்றேன். மகன் அப்போது எங்கோ பாலைவனத்தில் இருந்தான். எந்த நாடு என்று சொல்லக் கூடாதாம். படம் கேட்டதைப் போனில் சொன்னதும் சந்தோஷப்பட்டான். ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவன் அஞ்சலி நாளுக்கு முந்தின ஞாயிறு செய்யவில்லை. நான் செய்தாலும் மணி அடிக்கவில்லை. யாரிடமாவது சொன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று சொல்லாமல் இருந்தேன்.

அஞ்சலி நாளன்று இரண்டு படங்களையும் ஒரே பையில் போட்டு, மேசையருகே நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்விட்டேன். தூறிக்கொண்டிருந்தது. மௌன அஞ்சலி என்றார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் மட்டும் கிசுகிசுத்தார்கள்.

"ஓரத்துல கீற படத்த பாருடி. மீசகூட சரியா மொளைக்கல."

"எந்தச் சண்டையில போச்சோ, பாவம். பெத்தவ எப்டித்தான் தாங்குனாளோ."

எட்டிப் பார்த்தேன். என் மகன். நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் சாமந்தி மாலை. எதிரே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் அங்கே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது, இங்கே அதற்கு மாலை போட்டுவிட்டார்கள் என்றே தோன்றியது. அதிகாரிகள், போலீஸ், கொடி பிடித்தவர்கள், யாரும் அசையவில்லை. நான் நடந்தேன். ஈரத்தில் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெரியவர் கண்ணாலேயே நிற்கச் சொன்னார். நிற்கவில்லை. மாலையைப் பிடித்து இழுத்தேன், நார் அறுந்து பூ சிதறியது.

"இவன் உயிரோட கீறான்," என்றேன். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

மேசையருகே நின்ற அந்தப் பெண் அழுதுவிட்டாள். "ரெண்டும் ஒரே பையில இருந்துச்சுக்கா. எனக்கு இன்னா தெரியும்?"

படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். மாமனார் படம் மேசையிலேயே நின்றுவிட்டது.

பொழுது சாயும்போது போன் வந்தது. "டவர் இல்லம்மா. என் படம் வெச்சாங்களா? எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்கப்பா," என்றேன்.

படத்தின் மூலையில், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் புகுந்த குங்குமம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும்வரை அந்த மூலையைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.