சித்திரைப் படத்தில் தெரிந்த ரோடு

செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கணினியே சாலைகளை அடையாளம் கண்டு வரைபடம் போடவேண்டும். இதுதான் என் ஆராய்ச்சி. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே இருபது வருடமாகச் செய்கிறேன். பெரிய சாலைகள் எல்லா வரைபடத்திலும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் போகும் வண்டித்தடங்கள்தான் இருப்பதில்லை. அவற்றையும் பிடிக்கக் கணினியைப் பழக்கினோம். அதற்கு மேகமில்லாத படங்கள் வேண்டும். சித்திரை மாதப் படங்களாகப் பார்த்து எடுத்தது நான்தான்.

சோதனை வரைபடத்தை மகளின் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தேன். போன ஐப்பசியில் ஒரு நாள், வல்லத்திராக்கோட்டைப் பக்கம் தோழி வீட்டுக்குப் போனவள், திருக்கோகர்ணத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினாள். சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"ஒங்க மக கம்மாத் தண்ணிக்குள்ள வண்டிய விட்டுருச்சும்மா. பதறாதீங்க, புள்ளைய இழுத்துக் கரையேத்தியாச்சு."

நான் கார் ஓட்டிப்போன வழி இன்றும் நினைவில்லை. கண்மாய்க் கரையில் மகள் யாருடைய துண்டையோ போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்கு மேல் ஸ்கூட்டரின் கைப்பிடி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இடுப்புவரை நனைந்த ஒரு பெண்மணி. ஆடு மேய்க்க வந்தவர். இறங்கி இழுத்ததும் போன் செய்ததும் அவர்தான்.

"மழைத்தண்ணி கொஞ்சம் தேங்கியிருக்குன்னு நெனச்சேம்மா" என்றாள் மகள். "மேப்புல ரோடு நேரா போச்சு."

"எந்தக் கூறுகெட்டவன் இத ரோடுன்னு சொன்னான்னு கேட்டேன்" என்றார் அந்தப் பெண்மணி. "எங்கம்மாதான்னு சொல்லுது! பாத்தா படிச்சவுக மாதிரி இருக்கீங்க?"

"படத்துல தடம் தெரிஞ்சிச்சுங்க."

"தெரியாம? கோடையில நாங்கதான குறுக்கால வண்டியில போறோம். அதுக்காக, தண்ணி வந்த பெறகும் ரோடாவே இருக்குமா?"

கண்மாய் வற்றினால் அதற்குள் இறங்கிக் குறுக்கே போவது இங்கே எல்லாரும் செய்வது. நானும் இந்த மாவட்டத்துக்காரி, எத்தனையோ முறை போயிருக்கிறேன். கணினி முன் உட்கார்ந்தபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

இந்த ஆராய்ச்சி பற்றி எழுதி, வெளியீட்டுக்கு ஏற்கப்பட்டிருந்த கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். மழைக்காலப் படங்களையும் சேர்த்தால் மேகத்தால் துல்லியம் குறையும் என்றார் உடன் எழுதியவர்.

"கொறையட்டுங்க" என்றேன்.

மகள் இப்போது பஸ்ஸில் போய்வருகிறாள். மெக்கானிக் ஸ்கூட்டரைச் சரிசெய்துவிட்டதாக இரண்டு முறை போன் செய்துவிட்டார். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.